ரூனா காரணம் கேட்ட நாள்

ரூனா ஹால்டர்சனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில், பெல்டன் என்கிற எங்கள் ஊரிலிருந்து கிளம்பும் மூன்று சுற்றுலாக் கப்பல்களும் எந்தக் குடாவுக்குள் நுழைய வேண்டும், எங்கே நின்று கரடி பார்க்க வேண்டும், எங்கே நிற்கவே கூடாது என்று பத்தொன்பது வருஷமாக முடிவு செய்தவள் அவள்தான். ஆனால் துறைமுகச் சுவரைத் தாண்டினால் போதும், வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதுவும் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். பத்து வயதில் அவள் அப்பா படகில் ஏற்றிக்கொண்டு போய், மதியத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "இது தேறாது" என்றாராம்.

நான் அந்தக் கப்பல்களில் ஒன்றின் சமையல்காரி. பெயர் டெல்ஃபினா அகுஸ்டின். என் அப்பா பிலிப்பைன்ஸிலிருந்து இங்கே மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே மழையில் நனைந்து, இங்கேயே கிழவியாகிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். அந்த நீள வாய் திறக்க வேண்டிய ஒரு நாளில் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் ரூனாவைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அது பாதிப் பொய்.

ரூனாவுக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது அவள் அம்மா செத்துப்போனாள். தம்பி எஸ்கிலுக்கு எட்டு வயது. அப்பா மாசக்கணக்கில் கடலில். அவன் தலைக்குப் பேன் சீப்பு போட்டதிலிருந்து பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தால் எதிராளி வீட்டுக் கதவைத் தட்டியதுவரை எல்லாம் ரூனாதான். சியாட்டிலிலிருந்து வந்த ஒரு என்ஜினியர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றான். "தம்பி படிப்ப முடிக்கட்டும்" என்றாள் இவள். அவன் இரண்டு வருஷம் காத்திருந்தான், பிறகு காத்திருக்கவில்லை. அவள் அழுததாக யாரும் பார்க்கவில்லை. எஸ்கில் வளர்ந்து, அக்காவுக்குச் சேராத கடலையெல்லாம் தனக்குச் சேர்த்துக்கொண்டான். முப்பது வயதிலேயே மாலுமிச் சான்றிதழ் வாங்கி எங்கள் கப்பலுக்கு கேப்டனாக வந்தான். ரூனா அப்போது அலுவலகத்தில் பயணத் திட்டம் போடுகிற வேலையில் இருந்தாள். அன்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்கு நினைவிருக்கிறது. "என் கண்ணு இனிமே கடல்ல இருக்கு" என்பாள்.

எங்கள் கப்பல்கள் சின்னவை. நாற்பது பேருக்கு மேல் ஏற்ற மாட்டோம். மூவாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு வரும் மாடி மாடியான கப்பல்கள் பிடிக்காதவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். அவர்களுக்கு சாகசம் வேண்டும், சட்டை கசங்கக் கூடாது. திமிங்கலம் பக்கத்தில் துள்ள வேண்டும், ஆனால் திமிங்கலத்துக்குத் தொந்தரவு கொடுத்த பாவமும் தங்களுக்கு வரக் கூடாது. குளிர்காலம் முழுக்க இவர்கள் போன் பண்ணுவார்கள். அலுவலகம் மூடியபிறகும் அந்த போன் ரூனாவின் வீட்டில்தான் அடிக்கும். அவள் பேசுவதைக் கேட்க நான் வேலையில்லாமல் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

"கரடி பாப்போமா?"

"பாக்கலாம் சார்."

"பக்கத்துலயா?"

"கரடிக்குப் பிடிச்ச தூரத்துல."

"அது எவ்ளோ தூரம்?"

"அத கரடியத்தான் கேக்கணும்."

சிரித்துக்கொண்டே பேசுவாள், ஆனால் விடமாட்டாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, மூன்று நாள் டாக்டர் இல்லாத இடத்தில் இருப்பீர்களா, ரப்பர் படகில் குனிந்து ஏற முடியுமா என்று துருவித் துருவிக் கேட்பாள். பதில் சரியில்லை என்றால், "அம்மா, உங்களுக்கு வெளிக்கடல் பக்கம் வேண்டாம். உள்ளே கால்வாய் பக்கமா போங்க, திமிங்கலம் அங்கயும் வரும், அதுக்கு ஒண்ணும் டிக்கெட் தடை இல்ல" என்று மாற்றிவிடுவாள். கோபித்துக்கொண்டு போனை வைத்தவர்களும் உண்டு. போய்விட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

ஜனவரி மாதம் மூன்று கேப்டன்களும் ரூனாவும் உட்கார்ந்து அடுத்த கோடைக்கு எங்கெங்கே போவது என்று முடிவு செய்வார்கள். மேசை நிறைய கடல் வரைபடத்தை விரிப்பார்கள். ஆளுக்கொரு காபி கப். எந்த கேப்டனுக்காவது ஓர் இடம் வேண்டாம் என்று பட்டால் காபியைக் குடித்துவிட்டு கப்பை அந்த இடத்தின்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த வருஷம் அங்கே ஒரு கப்பலும் போகாது. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே ரூனாதான். அவள் வேலைக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஓர்வில் ஜேம்ஸ் என்ற கேப்டன் ஒரு குடாவுக்குப் போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். அவர் இந்த மண்ணின் பூர்வகுடி, ட்லிங்கிட். அவருடைய தாய்மாமன் அங்கேதான் மூழ்கினாராம். அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. மற்ற ஆண்கள் "பயமா ஓர்வில்? கையப் புடிச்சு கூட்டிட்டுப் போகவா?" என்று கிண்டலடித்தார்கள். அவர் பாதி காபியில் எழுந்து போய்விட்டார். பிறகு விஷயம் தெரிந்து ரூனா குன்றிப்போனாள். "கடல்ல ஓட்டறவன் வேணாம்னா வேணாம். அவன் வாயப் புடுங்கி காரணம் வாங்கினா, அடுத்த தடவ காரணம் இருக்கறவன் சொல்லவே மாட்டான்" என்றாள். அன்றிலிருந்து கப்பைக் கவிழ்த்தால் கேள்வி கிடையாது. பதினேழு வருஷம் அந்த வழக்கத்தை யாரும் மீறவில்லை.

இனி இடுக்குக்கு வருகிறேன்.

வரைபடத்தில் அதற்கு ஏதோ ஒரு பழைய கடற்படைக்காரரின் பெயர். நாங்கள் இடுக்கு என்றுதான் சொல்வோம். இரண்டு பக்கமும் நேர் செங்குத்தாக மலை, நடுவில் ஒடுங்கிய கடல், ஒன்பது மைல் உள்ளே போனால் பனியாறு கடலில் வந்து முடியும். ஜூன் மாதத்தில் கடல்நாய்கள் மிதக்கிற பனிக்கட்டிகளின்மேல் குட்டி போடும். படகு கிட்டே வந்தால் தாய் மிரண்டு தண்ணீரில் குதித்துவிடும், குட்டி பனியிலேயே கிடந்து விறைத்துச் செத்துப்போகும். அதனால் அந்த மாதம் உள்ளே போக யாருக்கும் அனுமதி இல்லாமல் இருந்தது. ரூனா நான்கு வருஷம் கடுதாசி எழுதினாள். பெரிய கப்பல்கள் போகும் பனியாறுகளில் கூட்டம் தாங்கவில்லை, எங்கள் ஆட்களுக்கு ஒரு நல்ல இடம் வேண்டும். ஆனால் ஒரு குட்டிகூடச் சாகக் கூடாது என்பது அவள் பிடிவாதம். கடைசியில் அவளே ஒரு விதி எழுதிக் கொடுத்தாள். குட்டி போட்ட கடல்நாய்களுக்கு ஐந்நூறு கஜத்துக்குள் எங்கள் படகு வராது. பனிக்கட்டிகள் தெற்குப் பக்கமாக ஒதுங்குகிறபடியால், நாங்கள் வடக்கு மலைச்சுவரை ஒட்டியே போவோம். அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். கடிதம் வந்த அன்று அவள் எனக்கு போன் பண்ணிச் சின்னப் பெண் மாதிரி கத்தினாள்.

அந்த செப்டம்பரில், வழியைப் பார்த்துவிட்டு வருவதற்காக எஸ்கில் பயணிகள் இல்லாமல் கப்பலை எடுத்துக்கொண்டு போனான். அவன், துணை மாலுமி, சமையலுக்கு நான். இடுக்கின் வாயிலேயே, வரைபடத்தில் இல்லாத ஒரு பாறைமேல் கப்பலை ஏற்றிவிட்டான். ஓட்டை விழவில்லை. ஆனால் கடல்மட்டம் இறங்குகிற நேரம் அது. ஆறு மணி நேரம், தண்ணீர் திரும்ப ஏறும்வரை, கப்பல் பாறைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அடுப்பில் பாத்திரம் நிற்கவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த வழியாகப் போன யாரோ மீன் படகுக்காரன் அதைப் படம் எடுத்து ஊர் மளிகைக் கடையில் ஒட்டிவிட்டான். குளிர்காலம் முழுக்க எஸ்கிலுக்குப் பெயர் "பாறைக்காரரே". ரொட்டி வாங்கப் போனால்கூட "பாறைக்காரரே, கவுன்டர்மேல ஏறிடாதீங்க" என்பார்கள். காது சிவந்துபோய் சிரித்துக்கொண்டு வருவான்.

ஆனால் அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. உள்ளே போய் நங்கூரம் போட்ட மறுநாள் மத்தியானம், மழையில், எஸ்கில் மேல்தளத்தில் நின்றுகொண்டே இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து சமையலறைக்கு வந்து, நான் நறுக்கி வைத்த காரட்டை எடுத்துத் தின்ன ஆரம்பித்தான்.

"வடக்குச் சுவர் கல்லு உதிர்க்குது டெல்ஃபி."

"மழைக்கு எல்லா மலையும்தான் உதிர்க்கும்."

"இது அப்படி இல்ல. ஒரே எடத்துலேர்ந்து விடாம வருது. மேல மரமெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது பாத்தியா? எனக்கு இது புடிக்கல."

"போய் உங்க அக்காகிட்ட சொல்லு."

"நாலு வருஷமா இதுக்காக உசுர விட்டிருக்கா. நிச்சயமா தெரியாம எப்படி சொல்றது? ஒருவேளை ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். நீயும் சொல்லித் தொலைக்காத. ஜனவரியில கப்பக் கவுத்துடறேன். அவ கேக்க மாட்டா. ஒரு வருஷம் தள்ளிப்போட்டா அதுக்குள்ள தெரிஞ்சிடும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. காரட் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு அவனை வெளியே துரத்தினேன்.

ஜனவரி வந்தது. கூட்டத்துக்கு நான்தான் எப்போதும் லவங்கப்பட்டை போட்ட ரொட்டிச் சுருள் செய்துகொண்டு போவேன். ஓர்வில், பெக்கி டன்ஸ்மூர், எஸ்கில் மூன்று கேப்டன்களும் இருந்தார்கள். ஓர்வில் ஒரு கரடி ஓடையின்மேல் கப்பைக் கவிழ்த்தார். ரூனா மறுபேச்சில்லாமல் பென்சிலால் அடித்தாள். பெக்கி வெளிக்கடலில் ஒரு தீவின்மேல் கவிழ்த்தாள். அதையும் அடித்தாள். பிறகு ரூனா இடுக்கின்மேல் விரலை வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜூன்லேர்ந்து போறோம்."

எஸ்கில் மிச்சக் காபியை ஒரே மூச்சில் குடித்தான். கப்பை எடுத்து இடுக்கின்மேல் கவிழ்த்தான்.

ரூனாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஓர்வில் கவிழ்த்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பென்சிலால் அடித்திருப்பாள். பெக்கி கவிழ்த்திருந்தாலும் அடித்திருப்பாள். ஆனால் இவன் தம்பி. தோளில் தூக்கி வளர்த்தவன்.

"என்னடா, இன்னும் அந்தப் பாறைதானா?" என்றாள்.

பெக்கிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ பாவம், கல்லு அவனக் கனவுல வந்து கூப்பிடுது போல!"

ஓர்வில் சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில், "ரூனா, கேக்கக் கூடாது" என்றார்.

"என் தம்பி ஓர்வில். இவன்கிட்ட கேக்காம நான் யார்கிட்ட கேப்பேன்? சொல்லுடா. ஊரு சிரிக்குதுன்னா? ஒரு பாறைக்குப் போயி என் நாலு வருஷத்த தூக்கிப் போடப் போறியா?"

எஸ்கிலின் காது சிவந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பெக்கி சிரித்த வேகத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் தெரிந்த நான், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஈயென்று பல்லைக் காட்டினேன்.

"சும்மா வெளையாட்டுக்குக் கவுத்தேன்" என்று எஸ்கில் கப்பை எடுத்து நிமிர்த்தி வைத்தான். வரைபடத்தில் விழுந்திருந்த காபிக் கறையைச் சட்டைக் கையால் துடைத்தான். எல்லோரும் ரொட்டி தின்றார்கள்.

வெளியே படிக்கட்டில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா நிமிர்த்தின?"

"விடு டெல்ஃபி. அத்தன பேர் முன்னாடி என்னன்னு சொல்றது? மலையப் பாத்து பயந்துட்டேன்னா? இன்னும் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிச் சிரிப்பாங்க."

"அப்ப அங்க ஆளுங்கள கூட்டிட்டுப் போவியா?"

"மொதல்ல நான் தனியா ரப்பர் படகுல போயி சுவரப் பாத்துட்டு வரேன். நல்லாருந்தாத்தான் கூட்டிட்டுப் போவேன். போதுமா? மூஞ்சிய அப்படி வெச்சிக்காத."

போதும் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

ஜூனில் மூன்று முறை போய் வந்தோம். சொன்னபடியே ஒவ்வொரு முறையும், இடுக்கு உள்ளே திரும்புகிற வளைவுக்கு வெளியே கப்பலை நிறுத்திவிட்டு, பயணிகள் காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரத்தில் எஸ்கில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகுதான் ஆட்களை ஏற்றினான். குட்டிகளைத் தூரத்திலிருந்து பார்த்து பயணிகள் கண் கலங்கினார்கள். ரூனாவுக்கு நன்றிக் கடிதங்கள் வந்தன. அவள் அவற்றை அலுவலகச் சுவரில் ஒட்டினாள்.

நான்காவது முறை முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். வெயில் நன்றாக அடித்தது. "எனக்கு ரெண்டு பான்கேக் எடுத்து வை, இவங்க மொத்தத்தையும் தின்னுடுவாங்க" என்று சொல்லிவிட்டு எஸ்கில் படகை இறக்கினான். அரை மணி கழித்து ரேடியோவில் பேசினான். துணை மாலுமியோடு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "தெக்கால குட்டி நெறைய இருக்கு. ஒரு தாய் இப்பத்தான் போட்டிருக்கு போல, ரத்தம்கூட காயல. நான் சுவர் ஓரமாவே வரேன்."

அதன்பிறகு சத்தம். இடி மாதிரி ஆரம்பித்தது, ஆனால் நிற்கவில்லை. துணை மாலுமி கப்பலின் மூக்கை வளைவுப் பக்கம் திருப்பினான். அலை வந்தது. கப்பல் ஏறி இறங்கியது, தட்டெல்லாம் சிதறியது, ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. முப்பத்தெட்டு பேரும் பிழைத்தார்கள். வளைவு எங்களைக் காப்பாற்றியது. வளைவுக்கு அந்தப்பக்கம் தூசி மேகம் மட்டும் தெரிந்தது.

சாட்டிலைட் போனில் ரூனாவிடம் யார் சொல்வது என்று துணை மாலுமி என்னைப் பார்த்தான். போனை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கினேன்.

"ரூனா, வடக்குச் சுவர் விழுந்துடுச்சு."

"ஆளுங்க எல்லாம் பத்திரமா?"

"எல்லாரும் கப்பல்லதான் இருக்காங்க."

"எஸ்கில்கிட்ட குடு."

"ரூனா..."

"எஸ்கில்கிட்ட குடுன்னு சொல்றேன்."

நான் கொடுக்கவில்லை. எங்கே போய்க் கொடுப்பேன்? அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப்பக்கம் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் ஓர்வில்தான் அவனைப் பனிக்கட்டிகளுக்கு நடுவில் கண்டுபிடித்தார். கீழறையில் கிடத்தச் சொன்னதற்கு ஒப்புக்கொள்ளாமல், தன் கம்பளியால் மூடி மேல்தளத்திலேயே வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். துறைமுகத்தில் ரூனா நின்றாள். எங்களைப் பார்க்காமல் நேராகக் கப்பலில் ஏறினாள். கப்பல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அன்று அவளுக்குக் குமட்டவில்லை. கம்பளியை விலக்கி அவன் முடியிலிருந்த மண்ணை விரலால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அந்த மண் தீரவே இல்லை.

பிறகு மலையைப் பற்றிப் படித்தவர்கள் வந்து பார்த்தார்கள். இப்படி நடக்கும் என்று யாரும் முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்க முடியாது என்றார்கள். ஊரே அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. ரூனாவைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். "யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது ரூனா." அவளும் திருப்பிச் சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு வாக்கியத்தால்தான் அவள் எழுந்து குளித்தாள், சாப்பிட்டாள். நான் அவளுக்குச் சூப்பு கொண்டுபோகும்போதெல்லாம் அதைச் சொல்வாள், நான் தலையை ஆட்டுவேன். தெரிந்துகொண்டே தலையை ஆட்டினேன்.

மளிகைக் கடையில் ஒருவன், "கடல்நாய்க் குட்டிக்காக சொந்தத் தம்பிய குடுத்துட்டா" என்றான். கையிலிருந்த ஒரு டஜன் முட்டையை அவன் காலடியில் போட்டு உடைத்தேன். "துடைச்சிட்டுப் பேசுடா" என்றேன். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு எனக்கே சந்தேகம், நான் கோபப்பட்டது அவன்மேலா, என்மேலா என்று.

நவம்பரில் ஒரு மத்தியானம், மழைக்கு நடுவில், ரூனா என் வீட்டுக்கு வந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை. நான் சால்மன் தலை போட்டுப் புளிப்புக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். கையில் எஸ்கிலின் கப்பல் பதிவேடு வைத்திருந்தாள்.

"பதினேழு வருஷத்துப் பதிவேடும் படிச்சேன். வேற எந்த எடத்துலயும் அவன் மொதல்ல தனியா போனதில்ல. இடுக்குல மட்டும் நாலு தடவையும் போயிருக்கான். ஏன் டெல்ஃபி?"

"பாறை இருக்குல்ல. கப்பல் தட்டிடுமோன்னு பாத்திருப்பான்."

"பாறை வாசல்ல இருக்கு. இவன் போனது உள்ள."

நான் குழம்பைக் கிளறினேன்.

"என்னப் பாரு. அவன் கப்பக் கவுத்தது எதுக்கு? செப்டம்பர்ல நீ அவன்கூட இருந்த. ஜனவரியில அவன் கப்ப நிமிர்த்தறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாத்தான். நான் பாத்தேன். இத்தன மாசமா அந்தப் பார்வைதான் என் கண்ணுல நிக்குது."

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். யாருக்கும் தெரிந்திருக்க முடியாது என்ற அந்த ஒரு கயிற்றை நான் அறுத்தால் இவள் எங்கே போய் விழுவாள்? ஆனால் அவள் எதிரில் நின்றபோது மனசு கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கல் உதிர்ந்தது, மரம் சாய்ந்தது, அக்கா கேட்க மாட்டாள் என்று அவன் நம்பியது, நான் சிரித்தது, படிக்கட்டில் பேசியது, ஒன்று விடாமல். சொல்லி முடித்துவிட்டு, "என்னை அடி ரூனா" என்றேன். அவள் அடிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்டேனே," என்றாள். "கேட்டும் சொல்லலையே."

"அத்தன பேர் முன்னாடி எப்படி சொல்லுவான்? தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

வாய் தவறி வந்துவிட்டது. இந்த நீள வாய்.

"கூட்டம் நடந்த அன்னைக்கு சாயங்காலம் என் வீட்டுலதான் சாப்பிட்டான்" என்றாள். "மீன் உருண்ட பண்ணியிருந்தேன். நான் கடல்நாய், கடல்நாய்னு பேசிட்டே இருந்தேன். அவன் தட்டக் கழுவி வெச்சான். அப்பறம் கோட்ட மாட்டிட்டு கதவுகிட்ட நின்னுட்டு, 'அக்கா, ஒரு விஷயம்'னான். அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது. இருடான்னுட்டு எடுத்தேன். ஓஹையோலேர்ந்து ஒரு அம்மா. ஜூன்ல வராங்களாம். அந்த இடுக்கு பத்திரமான எடந்தானான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அவனப் பாத்து சிரிச்சுட்டே சொன்னேன். 'என் சொந்தத் தம்பிதான் அங்க ஓட்டறான், பத்திரம் இல்லன்னா அனுப்புவேனா?'ன்னேன். அந்தம்மா சந்தோஷமா ரெண்டு எடம் போட்டாங்க. போன வெச்சிட்டுத் திரும்பினேன். 'என்னடா விஷயம்?'னேன். 'ஒண்ணுமில்லக்கா, குளிரா இருக்கு, கதவ நல்லா சாத்திக்கோ'ன்னுட்டுப் போயிட்டான்."

நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு குலுங்கியது. முப்பத்தொன்பது வருஷம் அம்மாவாக இருந்தவள் அழும் அழுகை அது, கேட்கச் சகிக்கவில்லை. அந்த ஓஹையோ அம்மா ஜூனில் வந்த முப்பத்தெட்டு பேரில் ஒருத்தி. நான் அவளுக்குப் பான்கேக் கொடுத்திருக்கிறேன்.